பாடசாலையில் பதியப்படும் பிள்ளையின் சுகாதாரத் தகவல் ஓர் அமானிதம்

வரவு, புள்ளிகள் ஆகியவற்றோடு பிள்ளைகளின் உயரம், நிறை, கண்பார்வை, ஒவ்வாமை, வலிப்பு போன்ற சுகாதாரத் தகவல்களும் இப்போது எக்செல் தாளுக்கும் ஆசிரியரின் கைத்தொலைபேசிக்கும் மாறிவருகின்றன. சில நாடுகளில் இதற்கென்றே பாடசாலைத் தாதி ஒருவர் இருப்பார். எமது அரச பாடசாலைகள் பெரும்பாலானவற்றில் அப்படி எவரும் இல்லை. வகுப்பாசிரியர்களாகிய நாங்களே அந்த வேலையைச் செய்கிறோம்.

பதியவேண்டியவை குறைவானவை அல்ல. சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையினர் தரம் 1, 4, 7, 10 மாணவர்களை மருத்துவப் பரிசோதனை செய்கின்றனர். தரம் 7இல் தொண்டைக்கரப்பான், ஏற்புவலித் தடுப்பூசி ஏற்றப்படுகிறது. 2017 முதல் தரம் 6 மாணவியருக்கு கருப்பைக் கழுத்துப் புற்றுநோய்க்கு எதிரான எச்.பி.வி. தடுப்பூசியும் வழங்கப்படுகிறது. அவர்கள் தமது பதிவை வைத்திருப்பார்கள். ஆனால் பிள்ளை தினமும் இருப்பது எங்களிடம்.

முதலாவது, பதிவு எந்தப் பிள்ளையுடையது என்பதில் சந்தேகம் இருக்கக்கூடாது. ஒரே வகுப்பில் இரண்டு பாத்திமா ஸஹ்ராக்கள் இருப்பது எமது பாடசாலைகளில் சாதாரணம். ஒரே பெயர் பிறப்புச் சான்றிதழில் ஒரு விதமாகவும், கிளினிக் கொப்பியில் வேறு விதமாகவும், சிங்களத்தில் இன்னொரு விதமாகவும் எழுதப்பட்டிருக்கும். எனவே பெயருடன் சேர்விலக்கமும் பிறந்த திகதியும் கட்டாயம் இருக்க வேண்டும். கணினியில் தேடும்போது பெயரை மட்டும் பார்த்துத் தெரிவு செய்தால் ஒருவரின் ஒவ்வாமை மற்றவரின் பக்கத்தில் ஏறிவிடும்.

இரண்டாவது, கண்டதை உடனே எழுத வேண்டும், ஊகித்ததை எழுதக்கூடாது. "வலிப்பு வந்தது" என்று எழுதுவது வைத்தியரின் வேலை. "காலை 7.40, ஒன்றுகூடலில் கீழே விழுந்தாள். ஒரு நிமிடமளவில் பேசவில்லை. காலையில் சாப்பிடவில்லை என்றாள். 7.50 தாய்க்கு அறிவிக்கப்பட்டது" என்பதே ஆசிரியர் எழுதவேண்டிய பதிவு. நேரமும் செய்த உதவியும் அதில் இருந்தால் வைத்தியருக்கும் பயன்படும், பின்னர் கேள்வி எழுந்தால் ஆசிரியருக்கும் பாதுகாப்பு. தடுப்பூசிக்குப் பெற்றோர் சம்மதிக்காவிட்டால் அதையும் திகதியுடன் குறிக்க வேண்டும். வெற்றிடமாக விட்டால், மறுத்தார்களா, பிள்ளை அன்று வரவில்லையா என்று யாருக்கும் தெரியாது.

மூன்றாவது, பிழையை அழித்துவிட்டுப் புதிதாக எழுதக்கூடாது. கொப்பியில் என்றால் ஒரு கோடிட்டு, சரியானதை எழுதி, திகதியுடன் ஒப்பமிடுவோம். கணினியிலும் அதே ஒழுங்கு வேண்டும். முழுப் பாடசாலையும் ஒரே கடவுச்சொல்லைப் பாவித்தால் யார் எழுதியது, யார் மாற்றியது என்பதைக் கண்டறிய முடியாது. ஒவ்வொருவருக்கும் தனிக் கடவுச்சொல் அவசியம். பிரதியொன்றைப் பாதுகாப்பாக வேறிடத்தில் வைப்பதும் அவசியம்.

நான்காவது விடயம் எம்மிடையே அதிகம் மீறப்படுவது. நிறை குறைந்தவர்கள், கிளினிக்குக்குப் போகவேண்டியவர்கள் என்ற பெயர்ப்பட்டியலைப் படமெடுத்து வகுப்பு வாட்ஸ்அப் குழுமத்தில் போடுகிறார்கள். நோக்கம் நல்லதுதான். ஆனால் நாற்பது வீட்டுக்கு அந்தச் செய்தி போகிறது. ஒரு பெண்பிள்ளைக்கு வலிப்பு என்ற கதை ஊரில் பரவினால், அவளுக்குக் கலியாணம் பேசும் காலத்திலும் அது பின்தொடரும் என்பதை நாம் அறிவோம். 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம், சுகாதாரத் தகவலையும் சிறுவர் பற்றிய தகவலையும் விசேட வகைத் தரவுகளாகவே கருதுகிறது. பெற்றோருக்குத் தனித்தனியாக அறிவிப்பதற்குச் சில நிமிடங்கள்தான் கூடுதலாகச் செல்லும்.

அதேநேரம், இரகசியம் என்று பூட்டி வைப்பதும் ஆபத்து. வீசிங் உள்ள பிள்ளை இல்ல விளையாட்டுப் பயிற்சியில் ஓடும்போது, மைதானத்தில் நிற்கும் ஆசிரியருக்கு அது தெரிந்திருக்க வேண்டும். பம்ப் எங்கே இருக்கிறது என்பதும் தெரிந்திருக்க வேண்டும். தேவையானவருக்குத் தேவையான அளவு என்பதே அளவுகோல்.

அல் குர்ஆனின் மிக நீளமான வசனமான அல் பகரா 282, கடன் கொடுக்கல் வாங்கலை எழுதிவைப்பது பற்றியது. பணத்துக்கே அத்தனை கவனம் என்றால், பிள்ளையின் உடல் பற்றிய பதிவில் எவ்வளவு கவனம் வேண்டும்?

பெற்றோரும் தம் பங்கைச் செய்ய வேண்டும். ஒவ்வாமையையோ நாட்பட்ட நோயையோ மறைக்காமல் வகுப்பாசிரியரிடம் எழுத்தில் கொடுங்கள். கிளினிக் கொப்பியைப் பத்திரமாக வையுங்கள். புலமைப்பரிசில் பரீட்சைக்குப் பின் பிள்ளை வேறு பாடசாலைக்குப் போனால், விடுகைப் பத்திரத்துடன் சுகாதாரப் பதிவின் பிரதியையும் கேளுங்கள். அடுத்த பெற்றோர் கூட்டத்தில், "என் பிள்ளையின் மருத்துவத் தகவல் எங்கே இருக்கிறது, அதை யார் யார் பார்க்கலாம்?" என்று அதிபரிடம் கேளுங்கள். அந்தக் கேள்விக்கு எல்லாப் பாடசாலையிலும் தெளிவான பதில் இருக்க வேண்டும்.