தவறான விடை சொல்லும் சேதி

12/13ஐயும் 7/8ஐயும் கூட்டினால் வருவது எதற்குக் கிட்ட இருக்கும்: 1, 2, 19, 21? தாளும் பேனையும் தேவையில்லை. 12/13 கிட்டத்தட்ட ஒன்று, 7/8உம் கிட்டத்தட்ட ஒன்று. ஆகவே விடை 2.

1978இல் அமெரிக்காவின் தேசியக் கல்வி மதிப்பீட்டில் 13 வயதுப் பிள்ளைகளிடம் இந்த வினாவைக் கேட்டார்கள். நம் நாட்டில் தரம் 8 படிக்கும் வயது. 24 சதவீதமானவர்களே 2 என்றார்கள். 28 சதவீதத்தினர் 19 என்றும், 27 சதவீதத்தினர் 21 என்றும் சொன்னார்கள். 17 வயதினரில்கூட 37 சதவீதமே சரி.

இந்தத் தவறுகளுக்குள் ஓர் ஒழுங்கு இருக்கிறது. பிள்ளைகள் கண்ணை மூடிக்கொண்டு குறியிட்டிருந்தால் நான்கு விடைகளும் ஏறத்தாழ ஒரே அளவில் விழுந்திருக்கும். ஆனால் 1ஐத் தெரிவு செய்தவர்கள் 7 சதவீதமே. 12உம் 7உம் 19. 13உம் 8உம் 21. பின்னம் என்பது ஓர் அளவு என்று அந்தப் பிள்ளைகளின் மனதில் பதியவில்லை. மேலே ஓர் எண், கீழே ஓர் எண் என்றே கண்ணுக்குத் தெரிந்திருக்கிறது. தொகுதிகளைக் கூட்டியவரும் பகுதிகளைக் கூட்டியவரும் தமக்குத் தெரிந்த ஒரு விதியின்படி ஒழுங்காகத்தான் நடந்திருக்கிறார்கள். பிழையானது அந்த விதி.

மெல்பேர்ண் பல்கலைக்கழகத்தின் கே ஸ்டேசியும் விக்கி ஸ்டைன்லேயும் தசமங்களை வைத்து இதே விடயத்தை நெடுங்காலம் ஆராய்ந்தார்கள். இரண்டே வினாக்களை எடுத்துக்கொள்வோம். 0.5, 0.375 இரண்டில் எது பெரியது? 0.3, 0.45 இரண்டில் எது பெரியது? இலக்கம் கூடினால் எண்ணும் பெரியது என நம்பும் பிள்ளை முதலாவதில் 0.375 என்று பிழைவிடும். இரண்டாவதைச் சரியாகச் சொல்லும். ஆயிரத்தில் ஒரு பங்கு மிகச் சிறியது, எனவே நீளமான தசமம் எப்போதும் சிறியது என்று எண்ணும் பிள்ளையும் உண்டு. அந்தப் பிள்ளை முதலாவதில் 0.5 என்று சரியாகச் சொல்லி, இரண்டாவதில் 0.3 என்று சறுக்கும். இருவருக்கும் கிடைப்பது ஒரே புள்ளி. ஆனால் ஒருவரின் குழப்பம் மற்றவரின் குழப்பத்துக்கு நேர் எதிரானது. ஒருவருக்குச் சொல்லும் திருத்தம் மற்றவரின் பிழையை இன்னும் இறுக்கிவிடும். புள்ளியை மட்டும் பார்க்கும் ஆசிரியருக்கு இது எப்படித் தெரியவரும்?

கண்டி-கொழும்பு வீதியிலுள்ள பிலிமத்தலாவை பித்தளை வேலைக்குப் பேர்போனது. வார்ப்பில் சிறு குழிகள் விழுந்திருந்தால், அச்சு சரியாகக் காயவில்லை என்று கைதேர்ந்தவர் சொல்லிவிடுவார். பழுதை வைத்தே அதன் காரணத்தைப் பிடிக்கிறார். பரீட்சைத் தாளையும் அந்தக் கண்ணோடு பார்க்க முடியும்.

புள்ளியைச் சரியாக வாசிப்பதற்கு ஒரு வழி பிலிமத்தலாவைக்குப் பக்கத்திலிருந்தே வந்தது. பேராதனைப் பல்கலைக்கழகப் பேராசிரியர் ஆர்.ஓ. தட்டில் முன்வைத்த இசட் புள்ளி முறை 2001இல் பல்கலைக்கழக அனுமதிக்கு வந்தது. அது உயர்தரத்துக்கானது என்றாலும் அதன் கணக்கு எந்த வகுப்புக்கும் பொருந்தும். ஒரு பிள்ளைக்குக் கணிதத்தில் 62, விஞ்ஞானத்தில் 70 என்று வைப்போம். வகுப்பின் சராசரி கணிதத்தில் 50, நியம விலகல் (புள்ளிகள் சராசரியிலிருந்து எவ்வளவு சிதறியுள்ளன என்பதன் அளவு) 12. விஞ்ஞானத்தில் சராசரி 66, நியம விலகல் 8. சராசரியைக் கழித்து நியம விலகலால் வகுத்தால் கணிதத்துக்கு 1, விஞ்ஞானத்துக்கு 0.5. பெற்றோர் கவலைப்படும் 62தான் உண்மையில் வகுப்பில் உயர்ந்த நிலை.

இசட் புள்ளியும் ஓர் எல்லைக்கு மேல் பேசாது. ஒரு பிள்ளை மற்றப் பிள்ளைகளுக்கு நடுவே எங்கே நிற்கிறது என்பதை அது சொல்லும்; எதை விளங்கிக்கொள்ளவில்லை என்பதைச் சொல்லாது. இரண்டாவதை அறிய வேறு வகைப் பரீட்சை வேண்டும். கொழும்புப் பல்கலைக்கழகக் கல்விப் பீடத்தில் இயங்கும் தேசிய கல்வி ஆராய்ச்சி, மதிப்பீட்டு நிலையம் தரம் 8 மாணவர்களிடம் நடத்திய தேசிய மதிப்பீடுகள் அத்தகையவை. கணிதம், விஞ்ஞானம், ஆங்கிலம் மூன்றிலும் மாதிரியாகச் சில பாடசாலைகளைத் தெரிவு செய்து சோதித்தார்கள். எந்தப் பிள்ளைக்கும் இடம் போட அல்ல. கற்பித்தல் எங்கே தவறியது என்று பார்க்க.

தரம் 5 புலமைப்பரிசில் முடிந்து சாதாரண தரம் வருவதற்கு இடைப்பட்ட வருடங்களில் பலர் பிள்ளையின் படிப்பைச் சற்று விட்டுவிடுகிறார்கள். தவணைப் பரீட்சைப் புள்ளியும் வகுப்பில் எத்தனையாம் பிள்ளை என்பதுமே வீட்டுக்கு வருகின்றன. ஆனால் பின்னமும் தசமமும் சறுக்கினால் அட்சரகணிதமும் பின்னால் சறுக்கும். எனது கருத்தில் தரம் 8தான் இதைப் பிடிக்கவேண்டிய இடம், சாதாரண தரம் வரை காத்திருப்பது கொடுமை.

ஆசிரியர்களிடம் ஒரு வேண்டுகோள். அடுத்த தவணையில் பல்தேர்வு வினாக்களைத் திருத்தும்போது, அதிகம் பேர் பிழைவிட்ட மூன்று வினாக்களை மட்டும் எடுத்து, எத்தனை பேர் எந்தப் பிழையான விடையைத் தெரிவு செய்தார்கள் என்று எண்ணிப் பாருங்கள். ஒரே விடையில் கூட்டம் கூடியிருந்தால் மறுநாள் பாடத்தை அங்கிருந்தே தொடங்குங்கள். பெற்றோரே, எத்தனை புள்ளி என்று கேட்டதும் நின்றுவிடாமல், பிழையான ஒரு கணக்கைக் காட்டி, இதை எப்படி யோசித்தாய் என்று பிள்ளையிடம் கேளுங்கள். பதிலைத் திட்டாமல் கேளுங்கள்.