பிளக்கில் கரன்ட் வருது. வண்டி ஏன் மிஸ் ஆகுது?

சென்னை கோபாலபுரத்துத் தெருக்களில் ஒழுங்காக ஓடும் பழைய புல்லட், ஜெமினி மேம்பாலம் ஏறும்போது மட்டும் திணறுகிறது. ஆக்சிலேட்டரை முறுக்க முறுக்க வெட்டி வெட்டி இழுக்கிறது. பிளக்கைக் கழற்றி, எஞ்சின்மேல் உரச வைத்து, கிக்கரை உதைத்தால் நீலப் பொறி பளிச்சென்று விழுகிறது. “கரன்ட் நல்லாத்தான் வருது, கார்புரேட்டரைப் பிரிச்சிடலாம்” என்கிறார்கள். அந்த முடிவு அவசர முடிவு.

பொறி தாண்டத் தேவைப்படும் மின்னழுத்தம், பிளக் இடைவெளியை மட்டும் பொறுத்ததல்ல. அங்குள்ள வாயுவின் அழுத்தத்தையும் பொறுத்தது. ஜெர்மானிய இயற்பியலாளர் பாஷன் 1889இல் கண்ட உண்மை இது. வெளியில் இருப்பது சாதாரணக் காற்றழுத்தம். சிலிண்டருக்குள்ளோ பிஸ்டன் அமுக்கிய பெட்ரோல்-காற்றுக் கலவை. மேடு ஏற ஆக்சிலேட்டரை முழுதாகத் திறந்தால் கலவை இன்னும் நிறைய நுழையும், அழுத்தமும் கூடும். சமதளத்தில் சமாளித்த பலவீனமான பொறி, மேம்பாலத்தில் தோற்பது இதனால்தான்.

மெட்ராஸ் மோட்டார்ஸ் 1955இல் ராயல் என்ஃபீல்டுடன் கைகோத்த பிறகு, திருவொற்றியூரில் உருவான வண்டி இந்த 346 சிசி புல்லட். ஃபோர் ஸ்ட்ரோக் எஞ்சின் என்பதால் இரண்டு சுற்றுக்கு ஒரு பொறி. நிமிடத்துக்கு 3,000 சுற்று என்றால் நொடிக்கு 25 பொறி. ஒவ்வொரு முறையும் சி.பி. (கான்டாக்ட் பிரேக்கர்) பாயின்ட் திறந்து, காயிலில் ஓடும் மின்னோட்டத்தைச் சட்டென்று துண்டிக்க வேண்டும். காயிலின் காந்தப்புலம் சரியும் அந்தக் கணத்தில்தான் பல ஆயிரம் வோல்ட் பிறக்கிறது. பாயின்ட்டிலேயே பொறி பறந்து வீணாகாமல் தடுப்பது கன்டன்சர். அது கெட்டால் பாயின்ட் முகம் கருகிக் குழி விழும். பிளக்கில் பொறி மெலியும்.

ஆகவே, ‘எப்போது மிஸ் ஆகிறது?’ என்பதே முதல் கேள்வி. குளிர்ந்த எஞ்சின் நன்றாக ஓடி, சூடேறியதும் மிஸ் ஆனால் கன்டன்சர் அல்லது காயில் மீது சந்தேகம் வரவேண்டும். மழையில் மட்டும் என்றால் பிளக் கேப், பிளக் ஒயர். இருட்டில் எஞ்சினை ஓடவிட்டுப் பார்த்தால் கசியும் நீலக் கீற்று கண்ணில் படும். சோக் இழுத்ததும் சரியானால் பெட்ரோல் போதவில்லை, அதாவது ஜெட் அடைப்போ எங்கிருந்தோ காற்றுக் கசிவோ இருக்கலாம். கொஞ்ச தூரம் ஓடி நின்று, டேங்க் மூடியைத் திறந்ததும் கிளம்பினால் மூடியின் காற்றுத்துளை அடைத்திருக்கும்.

பிளக் முனையும் பேசும்: வெளிர் பழுப்பு என்றால் நலம்; காய்ந்த கரி என்றால் பெட்ரோல் மிகுதி அல்லது பொறிக் குறைவு; எண்ணெய்ப் பிசுக்கு என்றால் ரிங் அல்லது வால்வ் கைடு தேய்மானம். பாயின்ட்டை மெல்லிய உப்புத்தாளால் துடைத்து, ஃபீலர் கேஜ் வைத்து 0.35 முதல் 0.40 மி.மீ. இடைவெளி விட்டாலே பல வண்டிகள் தெளிந்துவிடும். பிளக்கைச் சோதிக்கும்போது, அதைக் கழற்றிய துளை வழியே பெட்ரோல் ஆவி வெளியேறும்; பொறியை அதற்கு அருகில் விழவிடாதீர்கள்.

ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டில் எல்லாப் பாகமும் கிடைக்கும். ஆனால் நான்கை ஒரே நாளில் மாற்றினால் எது கெட்டிருந்தது என்று தெரியாமலே போகும். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். மாற்றியபின் ஒரு மேட்டில் ஏற்றிப் பாருங்கள்.