யோகம் மேலே, போகம் கீழே

ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில் ஹெப்பாள் மேம்பாலத்தின் கீழே நின்றால் பெங்களூரின் ஒரு தனிக் கூட்டத்தைப் பார்க்கலாம். உடம்பைப் பிடிக்கும் உடுப்பு, தலையில் ஹெல்மெட், முன்னும் பின்னும் மினுக்கும் விளக்கு, பல்லாயிரம் ரூபாய் சைக்கிள். எல்லோரும் போவது வடக்கே சுமார் 60 கிலோமீட்டரில் இருக்கும் நந்தி மலைக்கு. 1,478 மீட்டர் உயரம். அடிவாரத்திலிருந்து ஏழெட்டுக் கிலோமீட்டர் விடாத ஏற்றம், வளைவுக்கு மேல் வளைவு. மூச்சு வாங்க ஏறி, எத்தனை நிமிடம் ஆனது என்று போனில் பார்த்து, ஒரு செல்பி எடுத்துக்கொண்டு, மதியச் சாப்பாட்டுக்கு வீடு திரும்பிவிடுவார்கள்.

அவர்களைக் குறை சொல்லவில்லை. ஆனால் அந்த மலையின் காலடியில், தேவனஹள்ளிக்கும் சிக்கபள்ளாபூருக்கும் நடுவே, ஒரு நாள் முழுக்கச் சாவகாசமாக மிதிக்கத் தகுந்த ஊர்ப்பாதைகள் கிடக்கின்றன. அந்தப் பக்கம் திரும்புகிறவர்கள் குறைவு. நந்தி கிராமத்திலும் மலையுச்சியிலும் சிவனுக்குக் கோயில் உண்டு. உச்சியில் இருப்பவர் துறவு பூண்ட யோக நந்தீஸ்வரர், அவருக்கு விழா கிடையாது. அடிவாரத்தில் இருப்பவர் போக நந்தீஸ்வரர், அவருக்குத் தேரும் திருவிழாவும் உண்டு. சைக்கிள்காரர்களையும் இப்படியே இரண்டாகப் பிரிக்கலாம். நான் அடிவாரத்துக் கட்சி.

தேவனஹள்ளியிலிருந்து கிளம்புவது உத்தமம். ஹெப்பாளிலிருந்து அதுவரைக்கும் விமான நிலையத்துக்குப் பறக்கும் கார்களோடு போட்டி போட வேண்டும், அதில் சுகம் ஒன்றுமில்லை. காரில் சைக்கிளை ஏற்றிக்கொண்டு வந்து இறக்குவதை இழுக்காக நினைக்க வேண்டாம். தேவனஹள்ளிக் கோட்டையை 1501-ல் மண்ணால் எழுப்பியவர் மல்ல பைரே கவுடர். ஹைதர் அலி, திப்பு சுல்தான் காலத்தில் அது கல் கோட்டையானது. திப்பு பிறந்த இடம் என்று ஒரு கல்வெட்டு மண்டபமும் பக்கத்தில் இருக்கிறது. உள்ளே இன்னும் குடித்தனம் நடக்கிற கோட்டை என்பதால், வாசலில் கோலமும் தெருவில் கோழியுமாக உயிரோடு இருக்கிறது.

அங்கிருந்து வடக்கே சில கிலோமீட்டரில் ஆவதி. நெடுஞ்சாலையை விட்டு உள்ளே திரும்பியதும் சத்தம் அடங்கிவிடும். குன்றின் மேல் திம்மராயசாமி கோயில். பெங்களூரை 1537-ல் நிறுவிய கெம்பே கவுடரின் முன்னோர், காஞ்சிபுரம் பக்கத்திலிருந்து மாட்டுவண்டியில் குடும்பத்தோடு தப்பி வந்து முதலில் தங்கிய இடம் இது என்பது அந்த வம்சத்தின் பரம்பரைக் கதை. கதை உண்மையென்றால், பெங்களூருக்கு வேலை தேடி வரும் நம் ஆட்களுக்கு முன்னோடிகள் ஐந்நூறு வருஷத்துக்கு முன்பே இந்தப் பாதையில் வந்திருக்கிறார்கள்.

ஆவதி தாண்டினால் இரு பக்கமும் மாறி மாறி மல்பெரி, திராட்சை, ராகி. பட்டுப்புழுவுக்குத் தழை கொடுக்கும் மல்பெரிச் செடியை உயரமாக வளர விடமாட்டார்கள், வெட்டிக்கொண்டே இருப்பார்கள். திராட்சையில் கறுத்த தோலும் தூக்கலான வாசனையும் கொண்ட பெங்களூர் நீலம் என்ற ரகம் இந்தப் பக்கத்துக்கே உரியது, புவிசார் குறியீடு பெற்றது. தேவனஹள்ளியின் பம்பளிமாஸுக்கும் அதே குறியீடு உண்டு. சக்கோட்டா என்று கேட்டால்தான் கொடுப்பார்கள். 2008-ல் விமான நிலையம் திறந்த பிறகு நிலத்தின் விலை எகிற, தோப்புகள் மனையாகிப் போயின. இப்போது அந்தப் பழம் கண்ணில் பட்டால் விலை பேசாமல் வாங்கிவிடுங்கள்.

நவம்பர், டிசம்பரில் வந்தால் ஒரு வேடிக்கை உண்டு. அறுத்த ராகித் தாளையும் கொள்ளுச் செடியையும் நடுச்சாலையில் பரப்பி வைத்திருப்பார்கள். போகிற லாரியும் டிராக்டரும் போரடித்துக் கொடுக்கும், கூலி மிச்சம். சைக்கிள்காரருக்கு இது சோதனை. கொள்ளுக்கொடி செயினிலும் பின்சக்கரப் பல்லிலும் சுற்றிக்கொண்டால், இறங்கி உட்கார்ந்து சிடுக்கெடுக்க வேண்டும். அப்படி உட்கார்ந்தால் யாராவது ஒரு பெரியவர் வந்து நிற்பார். எந்த ஊரானாலும் முதல் கேள்வி, "சைக்கிள் எஷ்டு?" உண்மை விலையைச் சொல்லக் கூச்சமாக இருக்கும். நான் பாதியாகக் குறைத்துச் சொல்வேன். அதற்கே, "அந்தக் காசுக்கு ஒரு பசு வாங்கலாமே" என்று பதில் வரும். கன்னடம் தடுமாறினால் தெலுங்குக்குத் தாவுவார்கள். இந்தப் பக்கத்தில் பல வீடுகளில் தெலுங்குதான் பேச்சு. தமிழும் சிலருக்குப் புரியும்.

நந்தி கிராமத்துக் கோயிலை அவசரமாகப் பார்க்கக் கூடாது. போக நந்தீஸ்வரரும் அருணாசலேஸ்வரரும் பக்கத்துப் பக்கத்தில், நடுவே உமா மகேஸ்வரர். ஒன்பதாம் நூற்றாண்டில் தொடங்கி நுளம்பர், சோழர், ஹொய்சளர், விஜயநகரத்தார் என்று ஆண்டவர்கள் எல்லோரும் கை வைத்திருக்கிறார்கள். உள்ளே இருக்கும் ஓர் அரசனின் சிலையை ராஜேந்திர சோழன் என்று காட்டுவார்கள். சோழர் காலத்தில் இந்தக் கோலார்ப் பக்கத்துக்கு நிகரிலிசோழ மண்டலம் என்று பெயர். வடபக்கம் நாலாபுறமும் படிக்கட்டு இறங்கும் பெரிய கல்யாணி என்னும் குளம். சைக்கிளைப் பூட்டிவிட்டு அந்தப் படியில் ஒரு மணி நேரம் உட்காரலாம்.

உட்கார்ந்தால் யோசிக்க ஒரு விஷயம் இருக்கிறது. தமிழ்நாட்டின் இரண்டு ஆறுகளுக்கு ஊற்றுக்கண் இந்த மலையும் அதைச் சுற்றிய குன்றுகளும்தான். ஓசூர், கிருஷ்ணகிரி, சாத்தனூர் வழியாகக் கடலூருக்குப் போகும் தென்பெண்ணை இங்கே புறப்படுகிறது. வாணியம்பாடி, வேலூர், காஞ்சிபுரம் வழியாகப் போகும் பாலாறும் இங்கேதான். அர்க்காவதியும் இந்த மலையில் பிறந்து கனகபுரம் தாண்டிக் காவிரியில் கலக்கிறது. அந்த அர்க்காவதியை ஹெசரகட்டாவில் 1894-ல் மறித்துத்தான் பெங்களூர் தொலைவிலிருந்து குழாய்த் தண்ணீர் குடிக்கத் தொடங்கியது. 1933-ல் திப்பகொண்டனஹள்ளியில் இன்னொரு அணை. இன்று இந்த ஆறுகளைத் தேடி மிதித்தால் மழைக்காலம் தவிர மற்ற நாளில் மணலும் முள்ளும் தைல மரத் தோப்பும்தான். தைல மரம் நிலத்தடி நீரைக் குடித்துவிடுகிறது என்று 2017-ல் அதைப் புதிதாக நடுவதற்குக் கர்நாடக அரசு தடை போட்டது. பழைய தோப்புகள் அப்படியே நிற்கின்றன.

அப்படியானால் வழியில் நிரம்பித் ததும்பும் ஏரிகள் எப்படி? அது பெங்களூரின் கழிவுநீர். காவிரியைத் தொரேகாடனஹள்ளியில் எடுத்து, சுமார் 100 கிலோமீட்டர் குழாயில், அரைக் கிலோமீட்டர் உயரத்துக்கு மேலேற்றிப் பெங்களூருக்குக் கொண்டுவருகிறார்கள். குளித்து, துவைத்து, கழுவி விட்ட அந்தத் தண்ணீரில் ஒரு பகுதியைச் சுத்திகரித்து, ஹெப்பாள்–நாகவாரா பள்ளத்தாக்குத் திட்டத்தில் இந்தப் பக்கத்து 65 ஏரிகளுக்கு இறைக்கிறார்கள். சிக்கபள்ளாபூரின் கந்தவாரா ஏரி அதில் ஒன்று. ஆகக் காவிரித் தண்ணீர், நகரத்தின் குளியலறை வழியாக, பாலாறும் பெண்ணையும் பிறக்கும் சீமைக்கு வந்து சேர்கிறது. ஏரி நிறைந்ததில் கிணறுகளில் தண்ணீர் ஏறியது உண்மை. இரண்டாம் கட்டச் சுத்திகரிப்போடு நிறுத்தாதே, மூன்றாம் கட்டமும் செய் என்று விவசாயிகள் கேட்டுக்கொண்டே இருப்பதும் உண்மை. கரையில் சைக்கிளை நிறுத்திப் படம் எடுங்கள், காலை நனைக்க வேண்டாம்.

நந்தியிலிருந்து முத்தேனஹள்ளி மெல்ல மிதித்தாலும் அரை மணி நேரம். காவிரிக்குக் குறுக்கே கிருஷ்ணராஜ சாகர் அணை எழக் காரணமான விஸ்வேஸ்வரய்யா பிறந்த ஊர். 1962-ல் நூறு வயது கடந்து இறந்தவரின் சமாதியும் இங்கேதான். பிறந்த வீடு அருங்காட்சியகமாக இருக்கிறது.

பசிக்குக் காலையில் தட்டு இட்லி, ஒன்றை இருவர் பங்கிடும் பை டூ காபி. மதியம் ராகிக் களி உருண்டையும் பஸ்ஸாருவும். கீரையும் பருப்பும் வெந்த தண்ணீரை வடித்துக் கூட்டும் குழம்பு அது. களியை மெல்லக் கூடாது, தொட்டு விழுங்க வேண்டும். அதன் பிறகு ஏற்றத்தில் மிதிப்பது நடக்காத காரியம் என்பதால் புளிய மர நிழலில் படுத்துவிடுவது நல்லது. நாளின் மொத்தத் தூரம் 50 கிலோமீட்டர் சொச்சம்தான், அவசரமே இல்லை.

இந்தப் பாதைகள் எத்தனை நாளைக்கு என்பது வேறு கேள்வி. திராட்சைப் பந்தல் இருந்த இடத்தில் கம்பி வேலியும் லேஅவுட் பலகையும் வருஷத்துக்கு வருஷம் கூடுகின்றன. தேவனஹள்ளி வட்டத்தின் சன்னராயபட்டணா பக்கம் 13 கிராமங்களில் 1,777 ஏக்கரை விமானத் தொழில் பூங்காவுக்கு எடுக்க அரசு முனைந்தது. விவசாயிகள் மூன்று ஆண்டுக்கும் மேலாகப் போராட, 2025 ஜூலை 15 அன்று முதல்வர் சித்தராமையா அந்தக் கையகப்படுத்தலைக் கைவிடுவதாக அறிவித்தார். அந்த ஊர்களின் வண்டிப்பாதைகள் இன்றைக்கு மிஞ்சியிருப்பது அவர்கள் தயவில்தான்.

போக நினைப்பவர்கள் நவம்பருக்கும் ஜனவரிக்கும் நடுவே போங்கள். கியர் சைக்கிள் கட்டாயமில்லை, காற்று நன்றாக அடித்த எதுவும் போதும். கருவேல முள் தாராளம் என்பதால் ஒரு டியூபும் கைப்பம்பும் வைத்துக்கொள்ளுங்கள். நாய் துரத்தினால் இறங்கி நின்றுவிடுங்கள், அதுவும் நின்றுவிடும். சாலையில் ராகி காய்ந்தால் ஓரமாக உருட்டிப் போங்கள், அது ஒருவர் வீட்டுச் சோறு.