‘இல்லை’ வேறு, ‘தெரியவில்லை’ வேறு

பாடம் முடிந்ததும் “யாருக்காவது சந்தேகம் இருக்கா?” என்று கேட்பது நம் வழக்கம். ஒரு கையும் உயராது. எல்லோருக்கும் புரிந்துவிட்டது என்று அடுத்த பாடத்துக்குப் போய்விடுவோம். நானும் பல ஆண்டுகள் அப்படித்தான் செய்தேன். கணினியின் தருக்க நிரல் மொழிகளைப் பற்றிப் படித்தபோதுதான், இப்படி முடிவு செய்வதற்கு ஒரு பெயரே இருப்பது தெரிந்தது.

1972-இல் பிரான்சின் மார்செய் நகரில் உருவான மொழி புரோலாக். நாம் உண்மைகளையும் விதிகளையும் கொடுத்தால், அவற்றிலிருந்து கணினி விடையைத் தேடும். தேடி முடித்தும் ஒரு கூற்றை நிறுவ முடியாவிட்டால், அது பொய் என்றே கொள்ளும். இதைத் ‘தோல்வியே மறுப்பு’ எனலாம். இதற்கு 1978-இல் கீத் கிளார்க் தருக்க விளக்கம் அளித்தார்.

பேருந்து கால அட்டவணைக்கு இம்முறை பொருந்தும். அட்டவணையில் 4.30 மணி வண்டி இல்லையென்றால், அந்த நேரத்துக்கு வண்டி இல்லை. பட்டியல் முழுமையானது.

குடற்புழு நீக்க மாத்திரை வழங்கும் நாளுக்கு இது பொருந்துமா? உடல்நலம் சரியில்லாத பிள்ளைக்கு அன்று மாத்திரை தரக்கூடாது. “காய்ச்சல் இருப்பதாகத் தெரியவில்லை, கொடுக்கலாம்” என்பது ஒரு விதி. “காய்ச்சல் இல்லை என்று தெரியும்; கொடுக்கலாம்” என்பது இன்னொரு விதி. நாம் விசாரிக்க மறந்த பிள்ளைக்கும் முதல் விதி மாத்திரையைக் கொடுத்துவிடும். இரண்டாம் விதி கொடுக்காது.

மைக்கேல் கெல்ஃபாண்ட், விளாடிமிர் லிஃப்ஷிட்ஸ் இருவரும் 1990-இல் முன்வைத்த விரிவாக்கப்பட்ட தருக்க நிரல்களில் இவ்விரு மறுப்புகளுக்கும் தனித்தனிக் குறியீடுகள் உண்டு. ஒன்று, ‘நிறுவ முடியவில்லை’ என்பது. மற்றது, ‘இல்லை என்றே நிறுவப்பட்டது’ என்பது. ஆகவே ஒரு கேள்விக்கு ஆம், இல்லை, தெரியாது என மூன்று விடைகள் கிடைக்கும். பட்டியல் முழுமையானது என உறுதியாகத் தெரிந்த இடத்தில் மட்டும், ‘நிறுவ முடியாவிட்டால் இல்லை என்று கொள்’ என்ற விதியை நாமே சேர்த்துக்கொள்ளலாம்.

மாணவர்களின் மௌனம் முழுமையான பட்டியல் அல்ல. பின்னக் கூட்டல் நடத்திய ஒருநாள், சந்தேகம் கேட்டு யாரும் கை தூக்கவில்லை. ஆளுக்கொரு துண்டுத்தாள் கொடுத்து, 1/2 + 1/3 கணக்கைப் போடச் சொன்னேன். பலர் 2/5 என்று எழுதியிருந்தார்கள். அடுத்த பாடத்தை மூடிவைத்துவிட்டு, மறுநாளும் பின்னமே நடத்தினேன்.