கண்புரை அறுவைச் சிகிச்சைக்குப் பின் கண்ணாடி ஏன் தேவைப்படுகிறது?

கண்புரை அறுவைச் சிகிச்சை முடிந்து ஒரு மாதம் கழித்து வருபவர்களில் பலர் கேட்கும் கேள்வி ஒன்றுதான். "ஜி.எஸ்.டி. சாலையில் வரும் 21ஜி பேருந்தின் எண் தூரத்திலேயே தெரிகிறது. கையில் இருக்கும் மாத்திரை அட்டையின் எழுத்து தெரியவில்லையே, ஏன்?" தாம்பரம், குரோம்பேட்டை, சேலையூர், வண்டலூர் என எந்தப் பகுதியிலிருந்து வந்தாலும் கேள்வி மாறுவதில்லை. சிகிச்சை தவறிவிட்டதோ என்ற அச்சமும் அதனுடன் சேர்ந்தே வருகிறது. பெரும்பாலானோருக்கு அந்த அச்சம் தேவையற்றது.

நம் கண்ணுக்குள் இயற்கையாக அமைந்த லென்ஸ், இளமையில் மீள்தன்மை உடையது. அருகில் உள்ள பொருளைப் பார்க்கும்போது தடித்தும், தூரத்தில் உள்ளதைப் பார்க்கும்போது மெலிந்தும் தன் வடிவத்தை மாற்றிக்கொள்கிறது. நாற்பது வயதைக் கடந்ததும் இத்திறன் குறையத் தொடங்கும். அதைத்தான் வெள்ளெழுத்து என்கிறோம். அறுபது வயதுக்குள் அத்திறன் ஏறக்குறைய முற்றிலும் போய்விடும். பிற்காலத்தில் அதே லென்ஸ் ஒளி ஊடுருவாதபடி மங்கிப்போவதே கண்புரை.

அறுவைச் சிகிச்சையில் மங்கிய லென்ஸை அகற்றி, அதன் உறைக்குள் செயற்கை உள்விழி லென்ஸைப் பொருத்துகிறோம். அரசு மருத்துவமனைகளில் வழக்கமாகப் பொருத்தப்படுவது ஒரே குவியத் தூரம் கொண்ட லென்ஸ். அது வடிவம் மாறாது. ஆகவே எந்தத் தூரம் தெளிவாகத் தெரிய வேண்டும் என்பதை முன்னரே தீர்மானித்தாக வேண்டும். நடப்பது, சாலையைக் கடப்பது, ரயில் படியேறுவது ஆகியவற்றுக்குப் பயன்படும் தூரப்பார்வையையே பெரும்பாலும் தேர்ந்தெடுக்கிறோம். அவ்வாறு அமைத்த கண்ணால் 40 சென்டிமீட்டர் தொலைவில் படிக்க வேண்டுமானால், ஏறத்தாழ 2.5 டையாப்டர் அளவுள்ள கூடுதல் ஆற்றல் தேவை. அந்த ஆற்றலைத் தருவதே படிக்கும் கண்ணாடி. கணினித் திரையின் தூரத்துக்கு இதைவிடக் குறைந்த ஆற்றல் போதும்.

இதில் ஒரு பிரிவினரின் மனக்குறை மட்டும் நியாயமானது. கண்புரை வளரும்போது சிலருக்கு லென்ஸின் மையப்பகுதி இறுகி, கிட்டப்பார்வை உண்டாகிறது. பல ஆண்டுகளாகக் கண்ணாடி போட்டுப் படித்தவர், எழுபது வயதில் திடீரென்று கண்ணாடியின்றி நாளிதழ் படிப்பார். "அப்பாவுக்குப் பார்வை திரும்பிவிட்டது" என்று வீட்டாரும் மகிழ்வர். புரையை எடுத்ததும் அந்தத் தற்காலிக வசதி போய்விடும். இளமை முதலே கிட்டப்பார்வை உள்ளவர்களும், கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் படிக்கும் வழக்கம் உடையவர்கள். இவர்களிடம் சிகிச்சைக்கு முன்பே பேசியிருக்க வேண்டும் என்பது என் கருத்து. தையல் வேலை, பூக்கட்டுதல், கணக்கு எழுதுதல் போன்ற அருகுப்பார்வை வேலை செய்பவர் விரும்பினால், அருகில் தெரியும்படியே லென்ஸின் ஆற்றலைத் தேர்ந்தெடுக்கலாம். அப்போது தூரத்துக்குக் கண்ணாடி தேவைப்படும். ஆகவே லென்ஸ் அளவு எடுக்கும் நாளிலேயே தங்கள் தொழிலையும் பழக்கத்தையும் தயங்காமல் கூறுங்கள்.

முந்தைய தலைமுறையில், புரையை எடுத்தபின் உள்ளே லென்ஸ் வைக்கும் வழக்கம் பரவலாக இல்லை. ஏறத்தாழ 10 டையாப்டர் ஆற்றலுள்ள தடித்த 'சோடாபுட்டி' கண்ணாடியை வாழ்நாள் முழுவதும் அணிந்தனர். பொருள்கள் கால் பங்கு பெரிதாகத் தெரியும். படிக்கட்டில் கால் தடுமாறும். 1949 நவம்பரில் லண்டன் செயின்ட் தாமஸ் மருத்துவமனையில் ஹெரால்ட் ரிட்லி முதன்முதலாக உள்விழி லென்ஸைப் பொருத்தினார். போர் விமானிகளின் கண்ணில் தெறித்த அக்ரிலிக் துண்டுகளைக் கண் ஏற்றுக்கொண்டதைக் கவனித்ததே அதற்குத் தூண்டுகோல். லென்ஸ் உள்ளே நிலைத்தாலும் அதன் ஆற்றல் கணக்கு பிசகியதால், முதல் நோயாளிக்குக் கடுமையான கிட்டப்பார்வை ஏற்பட்டது. மதுரையில் 1992-இல் தொடங்கப்பட்ட அரோலேப் நிறுவனம் குறைந்த விலையில் லென்ஸ்களைத் தயாரித்தபின், இவை எளியோருக்கும் எட்டின.

ஆற்றல் கணக்கு இன்று மிகவும் மேம்பட்டுள்ளது. ஆயினும் பிசகே இல்லை என்று சொல்ல இயலாது. கருவிழியின் வளைவையும் கண்ணின் நீளத்தையும் அளந்து லென்ஸின் ஆற்றல் கணக்கிடப்படுகிறது. கண்ணின் நீளம் சராசரியாக 23 முதல் 24 மில்லிமீட்டர். அதில் ஒரு மில்லிமீட்டர் தவறினால் ஏறத்தாழ 2.5 முதல் 3 டையாப்டர் வரை பிழை வரும். புரை மிகவும் முற்றிய கண்ணில் ஒளிக்கருவியால் அளக்க இயலாமல், ஒலியலைக் கருவியை நாட நேரிடுகிறது. அதன் முனை கருவிழியைச் சற்று அழுத்தினாலும் நீளம் குறைவாகக் காட்டும். புரையை முற்றவிடாதீர்கள் என்று நாங்கள் வலியுறுத்துவதற்கு இதுவும் ஒரு காரணம். இவற்றுடன், கருவிழியின் சீரற்ற வளைவால் வரும் சிதறல் பார்வை முன்பே இருந்திருக்கலாம். அறுவைக் கீறல் ஆறும்போதும் சிறிது உண்டாகலாம். அதற்குத் தூரத்துக்கும் கண்ணாடி வேண்டியிருக்கும்.

கண்ணாடிக்கு அவசரம் வேண்டாம். கீறல் ஆறி, பார்வை நிலைபெற நான்கு முதல் ஆறு வாரங்கள் ஆகும். அதற்குள் கடையில் செய்துகொண்ட கண்ணாடி சில வாரங்களில் பொருந்தாமல் போகலாம். மற்றொரு கண்ணுக்கும் விரைவில் சிகிச்சை நடக்கவிருந்தால், இறுதிக் கண்ணாடியை அதன்பின் வாங்குவதே சிக்கனம். இடையில் இரு கண்களின் ஆற்றலும் வேறுபட்டுத் தலைசுற்றல் தோன்றினால் மருத்துவரிடம் கூறவும். பழைய கண்ணாடியை எடுத்து அணிய வேண்டாம்.

ரயில் நிலைய வாசல்களில் விற்கும் ஆயத்தக் கண்ணாடி கண்ணைக் கெடுத்துவிடாது. இரு கண்களுக்கும் ஒரே ஆற்றல் தேவைப்பட்டு, சிதறல் பார்வையும் இல்லாதவர் அதனால் படிக்கலாம். ஆனால் பரிசோதித்து எண் தெரிந்துகொண்டபின் வாங்கவும். அரசு மருத்துவமனையில் சிகிச்சை பெற்றவர்கள், கண்ணாடி இலவசமாகக் கிடைக்குமா என்பதை வீடு திரும்பும் நாளிலேயே கண் மருத்துவ உதவியாளரிடம் கேட்டறியவும்.

நீரிழிவு உள்ளவர்களுக்குத் தனியாக ஒரு வேண்டுகோள். தூரம் தெளிவாகத் தெரிகிறது என்பதால் இன்சுலின் ஊசிக்குழலின் கோடுகளும் தெரியும் என்று கருத வேண்டாம். சில அலகுகள் கூடினாலே சர்க்கரை தாழ்ந்து மயக்கம் வரலாம். படிக்கும் கண்ணாடி கைக்கு வரும்வரை வீட்டில் வேறொருவர் அளவைப் பார்த்து உறுதிசெய்யட்டும். தனியாக வாழ்பவர்கள் அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையச் செவிலியரின் உதவியை நாடலாம்.

தூரம், அருகு இரண்டும் தெரியும் பல்குவிய லென்ஸ்கள் தனியார் மருத்துவமனைகளில் கிடைக்கின்றன. அவை கண்ணாடியின் தேவையைக் குறைக்கும். எனினும் இரவில் விளக்குகளைச் சுற்றி வளையம் தெரிவது, மங்கிய ஒளியில் தெளிவு குறைவது ஆகியவை சிலரைத் தொல்லைப்படுத்தும். நீரிழிவால் விழித்திரை பாதிக்கப்பட்டவர்களுக்கும் கண் நீர் அழுத்த நோய் உள்ளவர்களுக்கும் அவை பொதுவாக ஏற்றவையல்ல. கடன் வாங்கி அவற்றைப் பொருத்திக்கொள்ளும் அவசியம் இல்லை.

கண்ணாடியால் தீராத மங்கலும் உண்டு. சிகிச்சைக்குப் பின் கண் வலித்தாலோ, சிவந்தாலோ, தெரிந்த பார்வை குறைந்தாலோ அது கிருமித்தொற்றாக இருக்கலாம். மறுபரிசோதனை நாள்வரை காத்திராமல், அன்றே சிகிச்சை பெற்ற மருத்துவமனைக்கோ, தாம்பரத்திலிருந்து மின்ரயிலில் சென்றடையக்கூடிய எழும்பூர் அரசு கண் மருத்துவமனைக்கோ செல்லவும். கண்முன் மின்னல் வெட்டுவது போலவோ, திரை விழுவது போலவோ தோன்றினாலும் அவ்வாறே. மாதங்களோ ஆண்டுகளோ கழித்துப் பார்வை மெல்ல மங்கினால், லென்ஸைத் தாங்கும் உறை தடித்திருக்கலாம். அதற்குக் கண்ணாடியை மாற்றிப் பயனில்லை. புறநோயாளர் பிரிவிலேயே சில நிமிடங்களில் யாக் லேசரால் சரிசெய்யலாம்.