'அமைதிப்படை' வந்தால் பெண்களுக்குப் பாதுகாப்பா? யாழ்ப்பாணம் முதல் லைபீரியா வரை

'அமைதிப்படை' என்றதும் தி.நகர், அடையாறு இளைஞர்களுக்கு 1994-ல் வந்த சத்யராஜ் படம்தான் ஞாபகம் வரும். வீட்டுப் பெரியவர்களுக்கோ 1987.

அந்த ஜூலையில், ராஜீவ் - ஜெயவர்தனே ஒப்பந்தப்படி இந்திய அமைதி காக்கும் படை இலங்கை போனது. அக்டோபரில் புலிகளோடு போர் மூண்டது. 21-ம் தேதி படையினர் யாழ்ப்பாணம் ஆஸ்பத்திரிக்குள் நுழைந்தார்கள். டாக்டர்கள், நர்ஸ்கள், நோயாளிகள் என 60-க்கும் மேற்பட்டோர் கொல்லப்பட்டார்கள். 'சண்டையில் சிக்கி இறந்தார்கள்' என்றது படைத் தரப்பு. உயிர் பிழைத்தவர்கள் அதை மறுத்தார்கள். பாலியல் வன்முறைப் புகார்களும் எழுந்தன. 1990 மார்ச்சில் படை சென்னை திரும்பியபோது முதல்வர் கருணாநிதி வரவேற்கப் போகவில்லை.

அது ஐ.நா. படையா?

இல்லை. இரு நாட்டு ஒப்பந்தத்தில் போன படை. ஐ.நா. படைக்கே 'பொதுமக்களைக் காப்பாற்று' என்ற வெளிப்படையான உத்தரவு 1999-ல், சியரா லியோனில்தான் முதன்முதலில் வந்தது. அடுத்த ஆண்டு பாதுகாப்பு கவுன்சிலின் 1325-வது தீர்மானம், அமைதிப் பணியில் பெண்களும் வேண்டும் என்றது.

பெண்கள் போனால் என்ன மாறும்?

பாதிக்கப்பட்ட பெண், துப்பாக்கியோடு நிற்கும் ஆணிடம் வாய் திறப்பது கஷ்டம். 2007-ல் இந்தியா லைபீரியாவுக்கு முழுக்கப் பெண்களே கொண்ட போலீஸ் படையை அனுப்பியது. ஐ.நா. பணியில் அதுதான் முதல். அவர்களைப் பார்த்து லைபீரியப் பெண்களும் போலீஸில் சேர முன்வந்தார்கள்.

அப்போ பிரச்சினை தீர்ந்ததா?

தீரவில்லை. ஐ.நா. வீரர்கள் மீதே பாலியல் புகார்கள் வருகின்றன. தப்பு செய்த ராணுவ வீரரை ஐ.நா. திருப்பி அனுப்பலாம், தண்டிக்க வேண்டியது அவருடைய சொந்த நாடு. யாழ்ப்பாணம் ஆஸ்பத்திரி கொலைகளுக்கு இன்றுவரை யாரும் தண்டிக்கப்படவில்லை.