சிடி பிளேயருக்கு மோட்டார் தேடுகிறீர்களா? முதலில் அளவெடுங்கள்!

கல்யாணம், வளைகாப்பு, புதுமனை புகுவிழா என்று 2000-களில் நடந்த எந்த விசேஷத்துக்கும் வீடியோகாரர் கடைசியில் கையில் கொடுத்தது ஒரு வட்டத் தட்டு. பீரோவில் பட்டுப்புடவைக்கு அடியில் அது இன்றும் பத்திரமாக இருக்கிறது. போட்டுப் பார்க்கத்தான் வழியில்லை. புதிய லேப்டாப்களில் தட்டு செருக இடமே கிடையாது. டிவிக்குக் கீழே தூசி படிந்து கிடக்கும் பிளேயரோ, தட்டை உள்ளே வாங்கிக்கொண்டு கொஞ்ச நேரம் முனகிவிட்டு, 'நோ டிஸ்க்' என்று வெளியே தள்ளுகிறது. இன்னொரு பக்கம், தேடித் தேடி ஆடியோ சிடி சேர்த்த இசைப் பிரியர்கள். நல்ல விலை கொடுத்து வாங்கிய பழைய பிளேயரின் ஒலியை விட்டுக்கொடுக்க அவர்களுக்கு மனம் வருவதில்லை.

ரிப்பேர் கடைக்குத் தூக்கிப் போனால் இரண்டு பதில்கள் கிடைக்கும். 'மோட்டார் போயிடுச்சு' என்பது ஒன்று. 'இதுக்கெல்லாம் இப்ப மோட்டார் வராது சார்' என்பது மற்றொன்று. முதல் பதில் பல நேரம் தவறு. இரண்டாவது பெரும்பாலும் தவறு. நூறு ரூபாய் சொச்சத்துக்கு மோட்டார் கிடைக்கத்தான் செய்கிறது. என்ன சொல்லிக் கேட்பது என்பதில்தான் வாடிக்கையாளரும் மெக்கானிக்கும் சேர்ந்தே தடுமாறுகிறார்கள்.

ஒரு பெட்டி, மூன்று மோட்டார்

சாதாரண சிடி, விசிடி, டிவிடி பிளேயர் எதைத் திறந்தாலும் உள்ளே மூன்று சின்ன மோட்டார்கள் இருக்கும். தட்டைச் சுற்றுவது ஒன்று. லென்ஸ் பகுதியைத் தட்டின் மையத்திலிருந்து விளிம்புவரை பல்சக்கரங்கள் வழியாக நகர்த்துவது இரண்டாவது. தட்டு வைக்கும் டிரேயை உள்ளே இழுத்து வெளியே தள்ளுவது மூன்றாவது.

மூன்றுக்கும் வேலைப்பளு ஒன்றல்ல. டிரே மோட்டார் ஒரு நாளில் சில விநாடிகள்தான் ஓடுகிறது. லென்ஸை நகர்த்தும் மோட்டார் அவ்வப்போது துளித் துளியாக அசைகிறது. தட்டைச் சுற்றும் மோட்டாருக்கு மட்டும் பாட்டு முடியும்வரை ஓய்வில்லை. சிடியில் தகவல் பதிந்த பாதை, நடுவிலிருந்து விளிம்பை நோக்கிச் சுருளாகச் செல்லும் ஒரே கோடு. ஒரு சுற்றுக்கும் அடுத்த சுற்றுக்கும் இடைவெளி 1.6 மைக்ரான். பாட்டு பதிந்த பகுதியின் அகலம் சுமார் 33 மில்லிமீட்டர். வகுத்துப் பார்த்தால், முழு சிடி ஒன்று பாடி முடிக்க மோட்டார் 20 ஆயிரம் தடவைக்கு மேல் சுற்றியாக வேண்டும்.

அதுவும் ஒரே வேகத்தில் அல்ல. லென்ஸுக்கு மேலே பாதை எப்போதும் விநாடிக்கு 1.2 முதல் 1.4 மீட்டர் என்ற அளவிலேயே ஓட வேண்டும். உள்பக்கச் சுற்று சிறியது என்பதால் முதல் பாட்டின்போது தட்டு நிமிடத்துக்கு ஏறக்குறைய 500 சுற்று சுற்றுகிறது. விளிம்பை நெருங்கும்போது 200 சுற்று போதும். டிவிடியில் உள்பக்க வேகம் சுமார் 1,400 சுற்று.

இந்தக் கணக்கு மெக்கானிக்குக் கைகொடுக்கும். தளர்ந்துபோன மோட்டார் முதலில் திணறுவது வேகம் அதிகம் வேண்டிய இடத்தில், அதாவது தட்டின் தொடக்கத்தில். பாட்டுப் பட்டியலைப் படிக்கவே நேரம் எடுத்துக்கொண்டு, முதல் இரண்டு பாட்டில் தாவி, பிறகு சீராகப் பாடும் பிளேயர் என்றால் தட்டைச் சுற்றும் மோட்டார்மீது சந்தேகப்படலாம்.

குற்றவாளி மோட்டார்தானா?

தட்டு சுற்றவே இல்லை என்றால் மோட்டார் செத்துவிட்டது என்று முடிவு கட்டுபவர்கள் அதிகம். அவசரப்படக் கூடாது. பெரும்பாலான பிளேயர்களில் தட்டை உள்ளே வைத்ததும் முதலில் வேலை செய்வது லென்ஸ்தான். அது மேலும் கீழும் அசைந்து, லேசர் ஒளி தட்டில் பட்டுத் திரும்புகிறதா என்று தேடும். திரும்பி வந்த பிறகுதான் மோட்டாருக்கு உத்தரவு போகும். லென்ஸில் தூசி படிந்திருந்தாலோ, லேசர் மங்கியிருந்தாலோ உத்தரவே பிறக்காது. நல்ல மோட்டார் சும்மா நிற்கும். (மூடியைக் கழற்றிச் சோதிக்கும்போது லென்ஸை நேராகப் பார்க்க வேண்டாம். சிடி லேசரின் 780 நானோமீட்டர் ஒளி கண்ணுக்கு ஏறக்குறையத் தெரியாது. அதனாலேயே ஆபத்து.)

டிரே திறக்கவில்லை என்றால் மோட்டாருக்கு முன்னால் ரப்பர் பெல்ட்டைப் பார்க்க வேண்டும். ஆண்டுகள் ஆக ஆக அது தொளதொளத்தோ இறுகியோ போய், மோட்டார் சுற்றினாலும் வழுக்கிவிடும். பாட்டின் நடுவில் சிக்கி நின்றால், லென்ஸ் நகரும் தண்டில் காய்ந்து பசையாகிப் போன கிரீஸ் காரணமாக இருக்கலாம்.

இவை எல்லாம் சரி என்றால் மோட்டாரின் இரண்டு வயரையும் போர்டிலிருந்து பிரித்துவிட்டு, ஒரு பென்டார்ச் பேட்டரியின் 1.5 வோல்ட்டைக் கொடுத்துப் பார்க்கலாம். எந்த நிலையில் நிறுத்திவிட்டுக் கொடுத்தாலும் தயங்காமல் கிளம்ப வேண்டும். அடுத்து, மல்டிமீட்டரை ஓம் அளவில் வைத்து, தட்டு உட்காரும் குமிழை விரலால் மெல்லச் சுற்றலாம். பெரும்பாலும் பத்துக்கும் இருபதுக்கும் இடைப்பட்ட ஓம் காட்டும். எண் அடிமட்டத்துக்கு விழுந்தாலோ, தொடர்பே அறுந்தாலோ உள்ளே பிரஷ் தேய்ந்திருக்கிறது, அல்லது தேய்ந்த தூள் இடுக்குகளை அடைத்துக்கொண்டிருக்கிறது.

இந்த நிலையில் அனுபவஸ்தர்கள் ஒரு கைவைத்தியம் செய்வார்கள். வயரைப் பிரித்த நிலையிலேயே ஐந்தாறு வோல்ட் கொடுத்து, முன்னும் பின்னுமாகச் சற்று நேரம் வேகமாக ஓட விடுவார்கள். தூள் உதிர்ந்து மோட்டார் மறுபடி உயிர்பெறும். வியாதி மோட்டாரில்தான் என்பதற்கு இதுவே நல்ல அத்தாட்சி. குணம் நிரந்தரமல்ல, புது மோட்டார் தேடிப்பிடிக்கும்வரை தாங்கும்.

முதுகில் இருக்கும் குறிப்பு

பிளேயரின் பெட்டியில் எந்தக் கம்பெனியின் பெயர் இருந்தாலும், உள்ளே இருக்கும் சின்ன மோட்டாரைப் பல நேரம் வேறொருவர் செய்திருப்பார். இந்தத் துறையில் முதலில் நினைவுக்கு வரும் பெயர் ஜப்பானின் மபுச்சி. பொம்மைகளுக்கு மோட்டார் செய்து வளர்ந்த நிறுவனம், இன்று ஆண்டுக்கு 100 கோடிக்கும் மேல் சின்ன மோட்டார்களைத் தயாரிக்கிறது. சிடி பிளேயர்களில் அடிக்கடி காணும் தட்டையான, வட்டமான மோட்டார் அதன் ஆர்.எஃப்-300 வரிசையைச் சேர்ந்தது, அல்லது அதே அச்சில் வேறு யாரோ செய்தது. உடலின் விட்டம் 24.4 மில்லிமீட்டர், தடிமன் 12 மில்லிமீட்டர் சொச்சம், தண்டின் விட்டம் 2 மில்லிமீட்டர்.

இந்த வரிசையின் முழுப் பெயரில் கடைசியாக வரும் ஐந்து இலக்கங்கள் முக்கியம். 11440 என்றால், உள்ளே சுற்றியிருக்கும் கம்பியின் விட்டம் 0.11 மில்லிமீட்டர், சுருளுக்கு 440 சுற்று. 12350 என்றால் 0.12 மில்லிமீட்டர் கம்பி, 350 சுற்று. சுற்று குறைந்தால், அதே வோல்ட்டுக்கு மோட்டார் வேகமாக ஓடும், மின்சாரமும் கூடுதலாக இழுக்கும். ஆக, அந்த எண் மோட்டாரின் ஜாதகம்.

ஆனால் கம்பெனிகளின் சர்வீஸ் புத்தகத்தில் இந்த எண் அநேகமாக இருக்காது. தங்கள் கிடங்குக்காகத் தாங்களே வைத்துக்கொண்ட ஒரு நீண்ட எண்ணைத்தான் அச்சடித்திருப்பார்கள். ஒரே மோட்டார் ஒவ்வொரு கம்பெனியின் புத்தகத்திலும் வெவ்வேறு எண்ணில் உலவுகிறது. அந்த எண்ணைச் சொல்லிக் கேட்டால், 'அதெல்லாம் நின்னு போய் வருஷக்கணக்காச்சு' என்பார்கள். அந்த எண்தான் நின்றுபோனது, மோட்டார் நின்றுபோகவில்லை.

அச்சு அசலாக அதே ஐந்து இலக்க எண் கிடைக்காவிட்டாலும் பாதகமில்லை. சிடி மோட்டாருக்குச் சொந்த வேகம் கிடையாது. தட்டிலிருந்து விநாடிக்கு 7,350 முறை வரும் ஒரு குறியீட்டை பிளேயர் தன் படிகக் கடிகாரத்தோடு ஒப்பிட்டுக்கொண்டே இருக்கிறது. பிந்தினால் வோல்ட்டைக் கூட்டும், முந்தினால் குறைக்கும். மோட்டாரில் சிறு வித்தியாசம் இருந்தால் இந்த ஒப்பீடே அதைச் சரிக்கட்டிக்கொள்ளும். உடல் அளவு, தண்டின் விட்டம், தண்டின் நீளம், திருகுத் துளைகளின் இடம், ஓம் அளவு ஆகிய ஐந்தும் ஒத்துப்போனால் துணிந்து வாங்கலாம்.

கடைத்தெருவில் காத்திருக்கும் பொறிகள்

சென்னையில் அண்ணா சாலையை ஒட்டிய ரிச்சி தெரு, மும்பையில் லாமிங்டன் ரோடு, பெங்களூரில் எஸ்.பி. ரோடு என எங்கே போனாலும் விதி ஒன்றுதான். பழைய மோட்டாரைக் கையோடு எடுத்துப் போக வேண்டும். போனில் படம் காட்டினால் அளவு தெரியாது.

முதல் பொறி, டேப்ரெக்கார்டர் மோட்டார். பார்ப்பதற்குச் சிடி மோட்டாரின் அண்ணன்போல இருக்கும். மேலே 12 வோல்ட், 2,400 சுற்று என்று எழுதியிருக்கும். அதற்குள் வேகத்தை ஒரே நிலையில் நிறுத்தும் சின்ன சர்க்யூட் உண்டு. பிளேயர் 'வேகத்தைக் கூட்டு, குறை' என்று சொல்வதை அது கேட்காது.

இரண்டாவது, கம்ப்யூட்டர் டிரைவிலிருந்து கழற்றிய மோட்டார். அதில் பிரஷ் கிடையாது. பல இழைகள் கொண்ட தட்டை வயரும் தனி டிரைவர் ஐசியும் இல்லாமல் ஓடாது. இரண்டு வயர் மோட்டாரின் இடத்தில் அதை வைக்க முடியாது. எண்பதுகளின் உயர்ரக பிளேயர்கள் சிலவற்றிலும் பிரஷ் இல்லாத மோட்டார்கள் உண்டு. அவற்றுக்குப் புது மோட்டார் தேடுவதைவிட, அதே மாடல் பழுதான பிளேயர் ஒன்றைத் தேடுவதே நடைமுறை.

மாற்று வழி, மெக்கானிசத்தையே முழுதாக வாங்குவது. சோனியின் கே.எஸ்.எஸ்-213 லென்ஸ் பல கம்பெனிகளின் பிளேயர்களில் இருந்தது. இரண்டு மோட்டார்களோடு சேர்த்துப் பொருத்திய கே.எஸ்.எம்-213 என்ற தொகுப்பாகவே அது விற்கிறது. தனி மோட்டாரில் குமிழைக் கழற்றி மாட்டும் சிரமம் இதில் இல்லை. நகல் சரக்கு ஏராளம் என்பதுதான் சிக்கல். வாங்கும்போதே குமிழைச் சுற்றிவிட்டு, கண் மட்டத்தில் வைத்துப் பாருங்கள். தள்ளாடினால் வேண்டாம். இன்னொன்று: புது லென்ஸ் போர்டில் நிலைமின்சாரத்திலிருந்து லேசரைக் காக்க ஒரு துளி ஈயம் வைத்திருப்பார்கள். வயரை மாட்டிய பிறகு அதை எடுத்துவிட வேண்டும். மறந்துவிட்டு 'புது லென்ஸும் டூப்ளிகேட்' என்று கடைக்காரரிடம் சண்டைக்குப் போனவர்கள் உண்டு.

செலவே இல்லாத வழி, காயலாங்கடை. லென்ஸ் போய்த் தூக்கி எறியப்பட்ட விசிடி பிளேயரில் மோட்டார் நன்றாகவே இருக்கக்கூடும். சில மெக்கானிசங்களில் லென்ஸை நகர்த்தும் மோட்டாரும் அதே வரிசைதான். குறைவாக உழைத்திருக்கும் அதைத் தண்டு நீளம் பார்த்து இடம் மாற்றலாம்.

ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவான விஷயம்

வாங்கிய மோட்டார் வீணாவது பெரும்பாலும் மாட்டும்போதுதான். தட்டு உட்காரும் குமிழ் தண்டில் இறுக்கமாக ஏற்றப்பட்டிருக்கும். அது எந்த உயரத்தில் நிற்கிறதோ, அதுதான் தட்டுக்கும் லென்ஸுக்கும் உள்ள தூரம். லென்ஸ் மேலும் கீழும் அசைந்து சரிசெய்துகொள்ளும் எல்லை மிகச் சிறியது. குமிழ் அரை மில்லிமீட்டர் ஏறி இறங்கினாலே பாட்டு தாவலாம்.

ஆகவே கழற்றுவதற்கு முன் வெர்னியர் காலிபரால் குமிழின் மேல்விளிம்பு முதல் மோட்டாரின் முகம்வரை அளந்து எழுதிக்கொள்ள வேண்டும். இரண்டு பக்கமும் சமமாக நெம்பிக் கழற்ற வேண்டும். புதிய மோட்டாரில் ஏற்றும்போது தண்டின் பின்முனைக்கு அடியில் முட்டுக் கொடுத்து அழுத்த வேண்டும். மோட்டாரின் உடலைத் தாங்கிப் பிடித்து அழுத்தினால் பின்மூடி பிதுங்கி, புது மோட்டார் ஓடும் முன்பே கெட்டுவிடும். வயரின் பிளஸ், மைனஸையும் கவனிக்க வேண்டும். மாறிவிட்டால் தட்டு எதிர்ப்பக்கம் சுற்றும், எதுவும் படிக்காது.

உரிமை என்றால் விவரமும்தான்

பழுதுபார்க்கும் உரிமை பற்றி இப்போது எல்லோரும் பேசுகிறார்கள். இந்திய நுகர்வோர் விவகாரத் துறை 2022 ஜூலையில் இதற்கென ஒரு குழு அமைத்தது. விவசாயக் கருவிகள், செல்போன்கள், வீட்டுச் சாதனங்கள், வாகனங்கள் என நான்கு துறைகளை எடுத்துக்கொண்டது. அதே ஆண்டு டிசம்பரில் இணையத்தளமும் திறந்தது. ஐரோப்பிய ஒன்றியம் 2024-ல் சட்டமே கொண்டுவந்தது. ஆனால் அதன் பட்டியலில் டிஸ்க் பிளேயர் இல்லை. விற்பனை சுருங்கிப்போன பொருளுக்கு யார் வாதாடுவார்கள்?

உதிரி பாகம் விற்க வேண்டும் என்ற கட்டாயம் மட்டும் இந்தச் சின்ன மோட்டாருக்கு உதவாது. மோட்டார் ஏற்கெனவே சந்தையில் இருக்கிறது. இல்லாதது, மோட்டார் செய்தவர் வைத்த எண்ணும் குமிழின் உயரமும். இவை இரண்டையும் சர்வீஸ் புத்தகத்தில் ஒரு வரியாக அச்சிடக் கம்பெனிக்கு ஒரு பைசா செலவில்லை. மிக்ஸி, பிரிண்டர், ஃபேன் என்று மோட்டார் உள்ள எல்லாச் சாதனத்துக்கும் இதே விதியை வைக்கலாம். சட்டம் கேட்க வேண்டியது இந்த ஒரு வரியைத்தான்.

அதுவரை அந்த வரியை நாமே எழுதலாம். மோட்டார் மாற்றி மூடியைப் போடுவதற்கு முன், போட்ட மோட்டாரின் எண், குமிழின் உயரம், மாற்றிய தேதி மூன்றையும் ஒரு சின்னத் தாளில் எழுதி மூடியின் உட்புறம் ஒட்டிவிடுங்கள். அடுத்த முறை பெட்டியைத் திறக்கும் மெக்கானிக், 'மோட்டார் வராது சார்' என்று சொல்ல மாட்டார்.